மேடைப் புகை, பட்டறைப் பெயிண்ட், ஒப்பனைப் பசை: யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது

அரங்கேற்றம் நெருங்கும்போதுதான் ஒருவருக்கு இருமல் வரும், இன்னொருவருக்குக் கழுத்தில் தடிப்பு வரும், பட்டறை வாடை ஒப்பனை அறை வரைக்கும் போகும். "தூசியாக இருக்கும்", "முதல் மேடை, பயம்தான்" என்று தள்ளிவிடுவது எளிது. பின்மேடையில் இதே புகார்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நேற்று ஒத்துக்கொண்டது இன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. வேறு கேன் வாங்கியிருப்பார்கள், ஒரு கதவை மூடியிருப்பார்கள், ஏசியை அணைத்திருப்பார்கள், புகை மெஷினை இரண்டடி நகர்த்தியிருப்பார்கள். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றே: இந்த வாரம் என்ன மாறியது? பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

## தேடத் தொடங்கும் முன்

ஒருவர் மயங்கிவிட்டார், மூச்சு விடத் திணறுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் காரணம் தேடும் நேரம் அதுவல்ல. எல்லோரையும் வெளிக்காற்றுக்கு அனுப்பிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மேடைக்கு அடியிலோ இசைக்குழு உட்காரும் பள்ளத்திலோ ஒருவர் விழுந்து கிடந்தால், தூக்கிவர யாரும் குதிக்கக் கூடாது. அவரைச் சாய்த்த காற்று போகிறவரையும் சாய்க்கும். மூச்சுக்கருவி உள்ள தீயணைப்புப் படையினர்தான் இறங்க வேண்டும்.

கண்ணில் ரசாயனம் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம்தான் மருத்துவமனை. போகும்போது புட்டியின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "ஏதோ பசை" என்று சொன்னால் மருத்துவரால் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. ஒவ்வொரு ரசாயனப் பொருளுக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. அதில் 16 பகுதிகள். அத்தனையும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் ஐந்தைப் படியுங்கள்: 2 (என்ன ஆபத்து), 4 (முதலுதவி), 7 (எப்படிக் கையாண்டு எங்கே வைப்பது), 8 (எந்தக் கையுறை, எந்த மாஸ்க்), 10 (எதோடு சேரக் கூடாது). அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டுப் பட்டறைக் கதவருகே தொங்கவிடுங்கள். யாரோ ஒருவருடைய செல்பேசியில் இருக்கும் தாள் இல்லாததற்குச் சமம்.

## அறிகுறி: மேடையில் புகை வந்ததும் இருமல், தொண்டை வறட்சி, கண் எரிச்சல்

முதலில் எந்தப் புகை என்று பாருங்கள். வழி அங்கேயே பிரிகிறது.

### சூடாக வந்து மேலே எழும் புகை

இது கிளைக்காலும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஊதும் மெஷின்.

செலவே இல்லாத காரணம், மெஷினின் வாய் யாருடைய முகத்துக்கு நேராக இருக்கிறது என்பது. வாயருகே புகை மிக அடர்த்தி. ஆறேழு அடி தள்ளினால் நிலைமையே வேறு. நடிகர் நிற்கும் இடத்தில் நீங்களே போய் நின்று ஒரு தடவை புகை விடச் சொல்லுங்கள். இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் ஆழமாக மூச்சு இழுப்பதால் அவர்களுக்குத்தான் முதலில் உறைக்கும். அவர்கள் சொல்வதை நாசூக்கு என்று நினைக்காமல் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. ஒத்திகைக்கு ஒத்திகை இயக்குநர் "இன்னும் கொஞ்சம்" என்பார். முதல் நாள் இரண்டு நொடி விட்டது கடைசியில் பத்து நொடி ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நொடிக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பல காட்சிகளில் பின்னாலிருந்து ஒளி விட்டால் பாதிப் புகையே போதும். இதைச் சொல்லி இயக்குநர்களோடு சண்டை போட வேண்டியிருக்கும், போடுங்கள்.

அடுத்தது திரவம். மெஷின் தயாரித்தவர் சொன்ன திரவம்தானா? தண்ணீர் ஊற்றி நீட்டியிருக்கிறார்களா? வாசனைக்கு யாராவது எதையாவது சேர்த்தார்களா? திரவம் பழையதாக, கலங்கலாக இருக்கிறதா? இதில் எந்த ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் தொட்டியைக் காலி செய்து சரியான திரவம் ஊற்றுங்கள். சூடாக்கும் மெஷினில் ஹேஸ் மெஷினுக்கான (காற்றில் மெல்லிய மூட்டம் பரப்பும் மெஷின்) எண்ணெயை ஊற்றவே கூடாது. தீப்பிடிக்கலாம்.

புகையில் தீய்ந்த, மூக்கைக் குத்தும் வாடை வந்தால் அது வேறு கதை. சூடு அளவுக்கு மீறிப் போகிறது, அல்லது உள்ளே திரவம் வராமல் காய்ந்து எரிகிறது என்று அர்த்தம். கிளைக்காலும் கிளிசரினும் கருகினால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை வரும். கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான். மெஷினை உடனே நிறுத்துங்கள். தொட்டியில் திரவம் இருக்கிறதா, உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து வாடை தொடர்ந்தால் சூடேற்றும் பகுதியிலோ வெப்பக் கட்டுப்பாட்டிலோ கோளாறு. திறந்து பார்க்க வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் இழுப்பு வருகிறது என்றால் அவருக்கு ஆஸ்துமா இருக்கலாம். அவர் மருத்துவரைப் பார்க்கும் வரை அவர் வரும் காட்சிகளில் புகை வேண்டாம். "கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது பதில் அல்ல.

### தரையோடு படுத்து ஓடும் வெண்புகை

உலர் பனியாக இருந்தால் இங்கே இருமலைவிடத் தலைவலி, படபடப்பு, மூச்சு வாங்குதல், தூக்கக் கலக்கம்தான் அறிகுறி. உலர் பனி என்பது மைனஸ் 78.5 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு. ஒரு கிலோ கரைந்தால் 500 லிட்டருக்கு மேல் வாயு. அது காற்றைவிடக் கனம், பள்ளம் தேடிப் போகும்.

மேடையின் மட்டத்தில் வரிசையாகச் சரிபாருங்கள்:

- தரையில் படுத்தோ உட்கார்ந்தோ யார் நடிக்கிறார்கள்? குழந்தைகள் யாராவது? அவர்களை முதலில் நகர்த்துங்கள்.
- புகை மேடை விளிம்பைத் தாண்டி வழிந்து எங்கே இறங்குகிறது? இசைக்குழுப் பள்ளமா, தரைக்கதவின் அடியிலா, முதல் வரிசையா?
- பனிப்பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள்? ஜன்னல் இல்லாத சிறு அறையில் என்றால் நடிக்காத நேரத்திலும் வாயு அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும்.
- பெட்டியின் மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்கிறதா? தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி வெடிக்கும். காரில் கொண்டுவந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இங்கே பலர் ஏமாறுவது அளவுகருவியில். "ஆக்சிஜன் மீட்டர் 20 சதவீதம் காட்டுகிறது, எல்லாம் சரி" என்பார்கள். சரியில்லை. காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு 5 சதவீதம் ஆனாலும் ஆக்சிஜன் 20.9இலிருந்து ஏறக்குறைய 19.9க்குத்தான் இறங்கும். ஆனால் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 40,000 பங்கு), உயிருக்கே ஆபத்தான அளவு. எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கும் வரம்பு 5,000 பிபிஎம். ஆகவே கார்பன் டை ஆக்ஸைடையே அளக்கும் மீட்டர் வேண்டும், அதுவும் முழங்கால் உயரத்தில் வைக்க வேண்டும். மீட்டர் இல்லை, பள்ளத்தில் ஆள் உண்டு என்றால் அன்றைக்கு அந்த விளைவு கிடையாது. காற்றோட்டத்தை மாற்றியும் பள்ளத்தில் அளவு குறையவில்லை என்றால் கட்டடத்தின் காற்றோட்டப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய இடம் அது.

திரவ நைட்ரஜன் என்றால் நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்களாகச் செய்யாதீர்கள். மைனஸ் 196 டிகிரி. ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் ஆள் சாய்வார். பயிற்சி பெற்ற குழு, 19.5 சதவீதத்தில் அலறும் ஆக்சிஜன் அலாரம் இரண்டும் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி: புகை விட்டால் தீ அலாரம் அடிக்கிறது

ஒளியை வைத்து இயங்கும் புகை உணரிக்கு மேடைப் புகைக்கும் தீப்புகைக்கும் வித்தியாசம் தெரியாது. மெஷினை உணரியிடமிருந்து தள்ளி வையுங்கள், அளவைக் குறையுங்கள், கூரையருகே காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். இதற்கு மேல் செய்வது எல்லாம் கட்டட நிர்வாகத்தின் வேலை: அந்தப் பகுதி உணரியை எழுத்து அனுமதியோடு தற்காலிகமாக முடக்குவது, அந்த நேரம் முழுக்கத் தீயைக் கண்காணிக்க ஒருவரை நிறுத்துவது, காட்சி முடிந்ததும் திரும்ப இயக்குவது. அடிக்கடி புகை விடும் அரங்கம் என்றால் உரிமம் பெற்றவரை வைத்து வேறு வகை உணரி பொருத்தலாம்.

உணரிக்குப் பிளாஸ்டிக் பை கட்டுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். அந்தப் பை நாடகம் முடிந்தும் அங்கேயே இருக்கும்.

## அறிகுறி: தரை வழுக்குகிறது

மெஷின் வாய்க்கு நேர் கீழே திரவம் படிகிறது. விரலால் தடவிப் பாருங்கள். வாயைச் சற்றுத் தூக்குங்கள், கீழே உறிஞ்சும் துணி போடுங்கள், இடைவேளையில் துடையுங்கள். எண்ணெய் ஹேஸாக இருந்தால் மெல்லிய படலம் எல்லா இடத்திலும் இருக்கும், ஏணிப் படிகளிலும்.

## அறிகுறி: பட்டறையில் தலைவலி, தலைசுற்றல், வாடை ஒப்பனை அறை வரை வருகிறது

இதுதான் நான் அதிகம் பார்க்கிற புகார். எளிதிலிருந்து கடினத்துக்குப் போவோம்.

மூடி திறந்திருக்கிறதா? தின்னர் டப்பா, பசை டின், பிரஷ் ஊறும் கிண்ணம், கரைப்பான் துடைத்த துணி கிடக்கும் குப்பைக்கூடை. பெயிண்ட் அடித்து இரண்டு நாளாகியும் வாடை போகவில்லை என்றால் பெயிண்டைவிட இந்தக் குப்பைக்கூடைதான் காரணமாக இருக்கும். எல்லாவற்றையும் மூடி, கூடையை வெளியே எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறது? மெல்லிய டிஷ்யூ தாளை நாடா மாதிரி கிழித்து ஒரு குச்சியில் ஒட்டுங்கள். வேலை செய்கிறவரின் முகத்தருகே, ஜன்னலருகே, ஒப்பனை அறைக்குப் போகும் கதவருகே பிடித்துப் பாருங்கள். சுத்தக் காற்று முதுகுப் பக்கம் வந்து, வாடையை முன்பக்கம் தள்ளி, வெளியே போக வேண்டும். நிறைய இடங்களில் மேசை விசிறி வைத்திருப்பார்கள். அது வாடையை அறைக்குள் சுற்றிவிடும், வெளியேற்றாது. நாடா ஒப்பனை அறைப் பக்கம் சாய்ந்தால் கதவிடுக்கை அடைத்து, வெளியேற்றும் விசிறியை எதிர்ப்பக்கம் வையுங்கள். கரைப்பான் ஆவி போகும் வழியில் சாதாரண விசிறி கூடாது, மோட்டாரின் சிறு பொறியே போதும். தீப்பொறி வராத வகை வேண்டும்.

பொருள் மாறியதா? வழக்கமான தின்னர் கிடைக்காமல் வேறொன்று வாங்கியிருப்பார்கள். தொடு பசையில் (கான்டாக்ட் சிமென்ட்) ஹெக்ஸேன் என்ற கரைப்பான் இருக்கலாம்; நெடுநாள் சுவாசித்தால் கை கால் நரம்பு கெடும். பெயிண்ட் உரிக்கும் திரவத்தில் டைகுளோரோமீத்தேன் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், மூடிய இடத்தில் ஆளையே கொன்றிருக்கிறது. உடம்புக்குள் போனதும் அது கார்பன் மோனாக்ஸைடாகவும் மாறும். தண்ணீரில் கரையும் பெயிண்ட் போதும் என்றால் அதற்கு மாறிவிடுங்கள். மாஸ்க் தேடுவதைவிட அது மலிவு.

மாஸ்க் சரியானதா? தூசி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த நாடகத்தில் மறுபடி அதே வெள்ளை மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பார்கள். ஸ்ப்ரேக்குக் கரைப்பான் ஆவியை உறிஞ்சும், மாஸ்க்கில் மாட்டும் கரிம ஆவி கேட்ரிட்ஜும், துளியைப் பிடிக்கத் துகள் வடிகட்டியும் சேர்ந்த மாஸ்க் வேண்டும். சரிபார்க்க: கேட்ரிட்ஜை உள்ளங்கையால் மூடி மூச்சை மெல்ல இழுங்கள், மாஸ்க் முகத்தோடு உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். தாடி இருந்தால் நிற்காது. போட்ட பிறகும் வாடை வந்தால் கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, அல்லது ஓரம் கசிகிறது. திறந்தபடி மேசையில் கிடந்த கேட்ரிட்ஜ் யாரும் போடாமலே தீர்ந்துபோகும், உபயோகித்ததும் மூடும் பைக்குள் வையுங்கள். டைகுளோரோமீத்தேனுக்கு இந்தக் கேட்ரிட்ஜ் எதுவும் உதவாது.

ஒன்றை மறக்க வேண்டாம். வாடை இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று ஆகாது. ஹீட்டரோ ஜெனரேட்டரோ ஓடும் இடத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் கார்பன் மோனாக்ஸைடைச் சந்தேகப்படுங்கள். அதற்கு வாடையே கிடையாது. அணைத்துவிட்டு வெளியேறுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

டப்பாக்களை மூடி, காற்றைத் திருப்பி, பொருளை மாற்றியும் வாடை ஒப்பனை அறைக்கு வந்துகொண்டே இருந்தால் அறைக் காற்றை ஏசிக்குத் திரும்ப இழுக்கும் குழாய் பட்டறைக் காற்றையும் இழுக்கிறது. அது உங்களால் ஆகிற வேலை இல்லை. ஏசி தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை ஸ்ப்ரே வேலையை ஆள் இல்லாத நேரத்துக்குத் தள்ளுங்கள்.

## அறிகுறி: ஃபோம் வேலையின்போது நெஞ்சு இறுக்கம், இருமல்

### சூட்டுக் கம்பியால் அறுக்கும்போது

அது தெர்மோகோலா, பாலியுரித்தேன் ஃபோமா? சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டில் ஒரு சொட்டு அசிட்டோன் விடுங்கள். தெர்மோகோல் கரைந்து குழிவிழும், பாலியுரித்தேன் அப்படிக் கரையாது. தெர்மோகோல் என்றால் கம்பியின் சூட்டைக் குறையுங்கள். புகை தெரியாமல் அறுக்கும் அளவே சரியான அளவு. காற்றோட்டமும் கட்டாயம், ஸ்டைரீன் வரும். பாலியுரித்தேனைச் சூட்டுக் கம்பியால் அறுக்கவே கூடாது. ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டும் வரும், இரண்டும் நச்சு. கத்தியாலோ ரம்பத்தாலோ அறுத்துக்கொள்ளுங்கள். பிவிசி பலகைக்கும் அதேதான், சூடு பட்டால் அமில வாயு.

### இரண்டு திரவம் கலந்து ஊற்றும்போது, ஸ்ப்ரே செய்யும்போது

இதில் ஐசோசயனேட் இருக்கிறது. முதல் சில முறை ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்றுவது. ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் அப்புறம் மிகச் சிறிய அளவுக்கே ஆஸ்துமா வரும், வாழ்நாள் முழுக்க. வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, இரவில் இருமல் வருவதும் அறிகுறிதான். அப்படி ஒருவர் சொன்னால் மெஷின், மாஸ்க், ஜன்னல் எதையும் சரிபார்க்க வேண்டாம்; அவரை அந்த வேலையிலிருந்து நிரந்தரமாக எடுத்து, தொழில்சார் நோய் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஸ்ப்ரே ஃபோமுக்கு வெளியிலிருந்து காற்று தரும் மூச்சுக்கருவி தேவை. சிறிய குழுக்களிடம் அது இருக்காது. வேலையை வெளியே கொடுத்துவிடுவதே நல்லது.

செய்த ஃபோம் செட் மேடைக்கு வந்தால் தீ என்ற கேள்வி தனி. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், இசைக்குழு கொளுத்திய பொறி சுவரிலிருந்த பாலியுரித்தேன் ஃபோமைப் பற்றி 100 பேர் இறந்தார்கள். மேடையில் மூடாத ஃபோமும் எந்த வகை நெருப்பும் சேர்ந்து இருக்கக் கூடாது.

## அறிகுறி: தோலில் அரிப்பு, தடிப்பு

எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

விரலிடுக்கு, மணிக்கட்டு என்றால் கையுறை. ஒன்று, லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அல்லது கையுறை பொருளைத் தடுக்கவில்லை: மெல்லிய நைட்ரைல் கையுறைக்குள் அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவும், உள்ளே வியர்வையோடு ஊறும். தரவுத் தாளின் 8ஆம் பகுதி எந்தக் கையுறை என்று சொல்லும். கையில் ஒட்டிய ரெசினைத் தின்னரால் துடைப்பவர்களுக்கும் இங்கேதான் வரும். தின்னர் தோலின் எண்ணெயை எடுத்து ரெசினை உள்ளே அனுப்புகிறது. சோப்பும் தண்ணீரும் போதும்.

கண் இமை என்றால் எபாக்ஸி ரெசினைச் சந்தேகப்படுங்கள். கையிலிருந்து கண்ணுக்குப் போயிருக்கும். எபாக்ஸி ஒவ்வாமை வந்துவிட்டால் கையுறை மாற்றிப் பயனில்லை, அந்த ஆள் அந்த வேலையை விட வேண்டும்.

கழுத்துப்பட்டி, இடுப்பு, அக்குள் என்றால் உடை. புதிதாகச் சாயம் போட்டு நன்றாக அலசவில்லையா, தீத்தடுப்பு உப்பு தெளித்தார்களா என்று உடைக்காரரைக் கேளுங்கள். தோலை ஒட்டி ஒரு பருத்தி உள்ளாடை போட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

நெற்றிக் கோடு, மேலுதடு, தாடை என்றால் பசை: ஸ்பிரிட் கம் (ஒட்டுத் தாடி, மீசை ஒட்டும் பசை), லேடெக்ஸ், அதைக் கழற்றும் திரவம். பிய்த்து எடுக்கிறார்களா, திரவம் விட்டு எடுக்கிறார்களா என்று பாருங்கள். பிய்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். புதுப் பசை என்றால் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாளாவது விட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். கண்ணருகே கைவினை மினுக்குத்தூள் வேண்டாம், விழியைக் கீறும்.

உதடு, முகம் வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் உடனே அவசர சிகிச்சை.

## அறிகுறி: குப்பைத் தொட்டி சூடாக இருக்கிறது, கருகல் வாடை வருகிறது

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகள். காயும்போது சூடு வெளிவரும். சுருட்டிப் போட்டால் சூடு தப்ப வழியின்றித் தானே பற்றும், தீக்குச்சி தேவையில்லை. மர மெருகுகள் பலவற்றில் இந்த எண்ணெய் உண்டு. சூடு தெரிந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்து, திறந்த வெளிக்கு எடுங்கள்; புகை கிளம்பிவிட்டால் தொடாமல் தீயணைப்பைக் கூப்பிடுங்கள். இனிமேல் துணியை ஒற்றை அடுக்காக வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

## அறிகுறி: தீத்தடுப்பு செய்த திரையில் வெண்படிவு, அல்லது தொட்டால் ஈரம்

உப்பு வகைத் தீத்தடுப்பு ஈரக்காற்றில் கசிந்து மேலே வந்திருக்கிறது. திரை வேலை செய்கிறதா என்ற சந்தேகம் அப்போதே வர வேண்டும். துவைத்திருந்தால் சந்தேகமே இல்லை, போய்விட்டது. ஓர் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, கட்டடத்துக்கு வெளியே, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு சோதியுங்கள். அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பின் என்எஃப்பிஏ 705 வழிமுறையில் 12 நொடி சுடர் காட்டி எடுப்பார்கள். எடுத்த பின் இரண்டு நொடிக்கு மேல் எரியக் கூடாது, எரியும் துளி சொட்டக் கூடாது. தோற்றால் அந்தத் திரையை இறக்கிவிட்டுத் தீத்தடுப்பு செய்பவரிடம் கொடுங்கள். வென்றாலும் இது சான்றிதழ் ஆகாது. 1903இல் சிகாகோவின் இரோகுவா அரங்கத்தில் 602 பேரைக் கொன்ற தீ, ஒரு விளக்கு திரைத் துணியைப் பற்றவைத்ததில்தான் தொடங்கியது.

## அறிகுறி: தூவும் தூள் காற்றில் மேகமாக நிற்கிறது

மாவு, ஸ்டார்ச், வண்ணப்பொடி, உலோகத் தூள் எல்லாம் காற்றில் பரவினால் எரியும். "இது சாப்பிடும் மாவுதானே" என்ற வாதம் இங்கே செல்லாது. 2015இல் தைவானில் ஒரு கொண்டாட்டத்தில் மேடையிலிருந்து தூவிய வண்ண ஸ்டார்ச் தூள் பற்றி 15 பேர் இறந்தார்கள். சூடான விளக்கு, சிகரெட், தீப்பொறி எது அருகில் இருந்தாலும் விளைவை மாற்றுங்கள். தாள் துணுக்கு, துணி, ஒளி எதுவும் செய்யும்.

## அறிகுறி: பழைய சுவரிலோ கூரையிலோ துளை போட்டதும் நார் போன்ற சாம்பல் தூள்

டிரில்லை நிறுத்துங்கள். பெருக்காதீர்கள், சாதாரண வாக்குவம் போடாதீர்கள். பழைய அரங்கங்களில் தீத்திரை, குழாய் உறை, கூரைத் தட்டி, பழைய விளக்குகளின் வயர் உறை எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கதவை மூடி, ஏசியை அணைத்து, ஆய்வகச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்றவரைக் கூப்பிடுங்கள். கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பழைய பெயிண்டைச் சுரண்டும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதிப்பதும் இதே கணக்குத்தான்.

## அறிகுறி: ஒத்திகை முடிந்து பல மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் விழுந்த மாதிரி வலி

புகை மேல் பழி போடும் முன் விளக்கைப் பாருங்கள். உடனே வராமல் இரவில் பலருக்கும் சேர்ந்து வந்தால் புற ஊதாக் கதிராக இருக்கலாம். டிஸ்சார்ஜ் விளக்கின் (இழை இல்லாமல், வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்கு) வெளிக்கண்ணாடியோ வடிகட்டியோ உடைந்திருக்கும். விளக்கை அணைத்து, ஆறியபின் கண்ணாடியைச் சோதியுங்கள். விரிசல் இருந்தால் மாற்றும்வரை ஏற்றக் கூடாது. பல்பே உடைந்தால் உள்ளே பாதரசம், அறையைக் காலி செய்து காற்றோட்டம் விடுங்கள். கண் வலிக்கிறவர்கள் கண் மருத்துவரைப் பார்க்கட்டும்.

## அறிகுறி: உடைக்குள் வைத்த பேட்டரி உப்பியிருக்கிறது

சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். உடையிலிருந்து எடுத்து, எரியக்கூடிய எதுவும் இல்லாத வெளியிடத்தில் மணல் மேல் வைத்து, பேட்டரி சேகரிப்பு மையத்துக்குக் கொடுங்கள். நடிகர் உடம்பில் சூடு தெரிகிறது என்றால் காட்சியின் நடுவிலும் கழற்ற வேண்டும்.

## அறிகுறி: மேடை வெடி, பொறி வெடிக்கவில்லை

இதில் உங்களுக்கு ஒரே வேலை, ஆட்களை விலக்குவது. இயக்குபவர் வெடிக்க வைக்கும் கருவியின் சாவியை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன காத்திருப்பு நேரம் முடியும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாது, பிறகும் உரிமம் பெற்றவர் மட்டுமே. "இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கலாம்" என்று பக்கத்திலிருந்து சொல்கிறவரை வெளியே அனுப்புங்கள்.

## அறிகுறி: அலமாரியில் லேபிள் இல்லாத புட்டி

மோந்து பார்க்காதீர்கள். கடைசியாக யார் பட்டறையில் வேலை செய்தார் என்று கேளுங்கள். தெரிந்தவர் எழுதிக் கையொப்பமிட்டால் லேபிள் ஒட்டுங்கள். தண்ணீர்ப் புட்டியில் தின்னர் ஊற்றி வைத்திருந்தால் உடனே வேறு கலத்துக்கு மாற்றுங்கள், யாரோ குடிப்பார்கள்.

தெரியாவிட்டால் யாரும் திறக்க வேண்டாம், எதோடும் சேர்க்க வேண்டாம். ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின். அமோனியா சேர்ந்தால் குளோரமைன். பாலியஸ்டர் ரெசினின் ஹார்டனரையும் கோபால்ட் ஊக்கியையும் நேராகக் கலந்தால் வெடிக்கும், அதனால் அவை இரண்டும் ஒரே தட்டில்கூட இருக்கக் கூடாது. புட்டியைச் சாயாத தட்டில் நிற்க வைத்து, "தெரியாத பொருள்" என்றும் கண்டெடுத்த தேதியும் எழுதி, தனியாகப் பூட்டுங்கள். வாய்க்காலில் ஊற்றாமல் அபாயக் கழிவு எடுப்பவர் வரும்போது கொடுத்துவிடுங்கள். மூடியைச் சுற்றிப் படிகம் படிந்திருந்தால், அல்லது புட்டி உப்பியிருந்தால், நகர்த்தவும் வேண்டாம். கதவைப் பூட்டிவிட்டு அவர்களையே வரச் சொல்லுங்கள்.